மெக்கானிக்குக்கே மெக்கானிக் ஆவது எப்படி: படகு இஞ்சின் வேலையில் தொழில்காரரிடம் பெயர் எடுக்க முழுமையான வழிகாட்டி

புதிதாக ஸ்பேனர் பிடிக்கிறவருக்கு இது உதவாது. ஒரு டூ ஸ்ட்ரோக் அவுட்போர்ட் இஞ்சினைக் கழற்றிப் பூட்ட உங்களுக்குத் தெரியும். திருகோணமலைப் பக்கம் கொட்பேயிலோ நிலாவெளியிலோ மூதூரிலோ இரண்டு மூன்று வருடம் வேலை செய்தாயிற்று. சம்மாட்டிமாரும், அதாவது படகுச் சொந்தக்காரர்களும், தேடி வருகிறார்கள். ஆனால் பக்கத்து வாடி மெக்கானிக் ஒரு இஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கும்போது உங்களைக் கூப்பிடுவதில்லை. அந்த இடத்தில் நிற்கிறவருக்காகத்தான் எழுதுகிறேன்.

சம்மாட்டிக்கு இஞ்சின் ஸ்டார்ட் ஆனால் போதும். தொழில்காரர், அதாவது மற்ற மெக்கானிக், அப்படி இல்லை. என்ன பழுது என்று கேட்பார், அதுதான் என்று உனக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்பார். முதல் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் உண்டு. இரண்டாவது கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறவரிடம்தான் மற்றவர்கள் போய் நிற்பார்கள்.

படிகளை இந்த ஒழுங்கிலேயே செய்யுங்கள். பலர் பத்தாவது படியில் தொடங்குகிறார்கள், அதாவது மற்றவருக்குப் புத்தி சொல்வதில். அது ஏன் சரிவராது என்று அங்கே சொல்கிறேன்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கம்பிரசன் மீற்றர் (சிலிண்டருக்குள் அமுக்கம் அளப்பது), மல்டிமீற்றர், ஸ்பார்க் டெஸ்டர், டோர்க் ரென்ச் (போல்ட்டை அளவோடு இறுக்குவது). இவை நான்கும் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். எண் இல்லாத இடத்தில் வயதில் மூத்தவர் சொல்வதுதான் சரி என்றாகிவிடும். இரண்டு சிலிண்டருக்கும் கம்பிரசன் எடுத்து, வித்தியாசம் 10 வீதத்துக்கு மேல் என்று மீற்றரைக் காட்டினால் அங்கே வயதுக்கு வேலை இல்லை.

அப்புறம் அந்த இஞ்சினுக்கான சர்வீஸ் கையேடு. ஆங்கிலத்தில்தான் இருக்கும். முழுவதும் படிக்கத் தேவையில்லை. பிளக் இடைவெளி, டோர்க் அளவு, காயில் ஓம் அளவு இருக்கும் பக்கங்களைப் போட்டோக் கொப்பி எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கருவிப் பெட்டி மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். மனதில் இருக்கிற அளவு போன வருடம் பார்த்த வேறு மாடலின் அளவாக இருக்கும்.

ஒரு கொப்பியும் பென்சிலும் வேண்டும். பேனை வேண்டாம். ஒயில் பட்ட தாளில் பேனை எழுதாது, தண்ணீர் பட்டால் சில பேனைகளின் மை கரையும்.

என்விகியூ (தேசியத் தொழிற்தகைமை) சான்றிதழைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அனுபவத்தை வைத்தே மதிப்பீடு செய்து தருகிற முறை இருக்கிறது, எடுத்து வையுங்கள், வெளிநாட்டு வேலைக்கோ கடனுக்கோ உதவும். கரையில் நிற்கிற மெக்கானிக் யாரும் அதைக் காட்டச் சொல்லப் போவதில்லை.

தொடங்க நல்ல காலம் வாடை. கார்த்திகை தொடங்கித் தை மாசி வரை கடல் மூர்க்கமாக இருக்கும், சின்னப் படகுகளில் பல கரையேறிக் கிடக்கும். அப்போதுதான் ஒரு இஞ்சினை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்க நேரம் கிடைக்கும். சீசனில் சம்மாட்டி தலைமாட்டில் நிற்பார், சரியாகவோ பிழையாகவோ பூட்டி அனுப்பத்தான் தோன்றும்.

2. ஒரே ஒரு விஷயத்தில் ஆழ இறங்குங்கள்

எல்லாம் தெரிந்தவர் என்று யாரும் யாரையும் நினைவு வைப்பதில்லை. "தண்ணி அடிக்காட்டி அவரைக் கேள்", "கியர் சத்தம் எண்டா இவரைக் கேள்", இப்படித்தான் பேர் ஓடும். அதனால் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கரையில் அடிக்கடி வருகிற பழுதாக அது இருக்க வேண்டும். அப்போதுதான் வருடத்துக்கு நாற்பது ஐம்பது தடவை கையில் வரும்.

நான் எடுத்தது குளிர்நீர்ப் பகுதி, அதாவது கடல் தண்ணீரை உறிஞ்சி, இஞ்சினைக் குளிரவைத்து, வெளியே பீச்சுகிற பகுதி. கொட்டியாரக்குடாவில் மகாவலி வந்து விழுகிற பக்கம் தண்ணீர் ஆழமில்லை, மணலும் சேறும் கலந்தது. அங்கே ஓடுகிற இஞ்சின் மணலையும் சேர்த்து உறிஞ்சும், தண்ணீரை மேலே ஏற்றுகிற இம்பெல்லரின் றப்பர் தேயும். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப்போகிற படகில் வேறு கதை. இம்பெல்லர் நன்றாக இருக்கும், சூட்டைக் கட்டுப்படுத்துகிற தேர்மோஸ்டாட்டில் உப்புக் கட்டி நிற்கும், நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாததால். இரண்டு இஞ்சினும் "தண்ணி குறைவா அடிக்குது" என்றுதான் வரும். எந்தக் கரையிலிருந்து வந்தது என்பதே பாதிப் பதில். இது கையேட்டில் இல்லை, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் பிடிபடும்.

3. தொடுமுன் கேளுங்கள்

"என்ன பழுது?" என்று கேட்காதீர்கள். கேட்டால் அவர் தன் தீர்ப்பைச் சொல்லுவார், உங்கள் மூளை அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும்.

"அண்ணே, காபரேட்டர ஒருக்காக் கழுவித் தாங்க."

"அது இருக்கட்டும் தம்பி. கடைசியா எங்க வச்சு நிண்டது?"

இப்படித் தொடங்குங்கள். குளிரில் நின்றதா, சூடேறியபின் நின்றதா? சட்டென்று நின்றதா, இழுத்து இழுத்து நின்றதா? சட்டென்று என்றால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம், இழுத்து இழுத்து என்றால் எண்ணெய்ப் பக்கம், அதாவது பெற்றோலோ மண்ணெண்ணெயோ வருகிற பக்கம். கடைசியாக யார் கை வைத்தது, என்ன மாற்றினார்? போன கிழமை மாற்றிய சாமானும் இந்தக் கிழமை வந்த பழுதும் அடிக்கடி சொந்தக்காரர்கள்.

மண்ணெண்ணெயில் ஓடுகிற இஞ்சின் என்றால் கூடுதலாக ஒன்று: "நேற்று நிறுத்தமுன் பெற்றோலுக்கு மாத்தினீங்களா?" இவற்றைப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். நிறுத்தும்போது திரும்பப் பெற்றோலுக்கு வந்து சற்று ஓடவிட வேண்டும். மறந்தால் காபரேட்டர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நிற்கும், விடியற்காலைக் குளிரில் அது பற்றாது. இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் பிளக், காயில், சிடிஐ (பிளக்கில் பொறி வரவைக்கிற மின் பெட்டி) என்று மாற்றிக்கொண்டே போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

4. மலிவானதில் தொடங்குங்கள், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுங்கள்

முழு வழிகாட்டியிலும் இந்தப் படிதான் கடினம். பசியோடு ஒரு படகு காத்திருக்கும்போது ஒழுங்கைக் காப்பாற்றுவது லேசு இல்லை.

முதலில் கண்ணால் பார்ப்பது, அப்புறம் கையால் தொட்டுப் பார்ப்பது, அப்புறம் மீற்றர், கடைசியாகத்தான் ஸ்பேனர். தண்ணீர் குறைவாக அடிக்கிறதா? பீச்சுகிற துவாரத்தில் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். அப்புறம் கீழே தண்ணீர் உறிஞ்சும் வலையில் சொப்பிங் பேக் துண்டோ பாசியோ ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அதற்குப் பிறகுதான் கீழ்ப் பெட்டியை இறக்கி இம்பெல்லரைப் பார்ப்பது. முதல் இரண்டுக்கும் ஐந்து நிமிடம், மூன்றாவதற்கு அரை நாள். நேராக மூன்றாவதுக்குப் போய் இம்பெல்லரை மாற்றி, கூடவே துவாரத்தையும் குத்திவிட்டால் தண்ணீர் அடிக்கும். எதனால் அடித்தது என்று உங்களுக்கே தெரியாது. அடுத்த இஞ்சினுக்கும் இம்பெல்லர்தான் வாங்கச் சொல்லுவீர்கள்.

ஒரு உதாரணம் விரிவாகச் சொல்கிறேன். மூதூர்ப் பக்கப் படகு ஒன்று. ஸ்டார்ட் ஆகும், பத்து நிமிடம் ஓடும், இழுத்து இழுத்து நிற்கும். கொஞ்சம் பொறுத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகும். என்னிடம் வருமுன் இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். காபரேட்டர் இரண்டு தடவை கழுவியாயிற்று, பிளக் புதுசு, எண்ணெய்ப் பம்புக்கு டயபிரம் புதுசு. எண்ணெய் குறையக் குறைய டாங்கிக்குள் காற்று போவதற்கான மூடித் திருகு திறந்துதான் இருக்கிறது, எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

நான் இஞ்சினில் கை வைக்கவில்லை. தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் ஓடவிட்டு, எண்ணெய்க் குழாயில் இருக்கிற றப்பர் உருண்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டாவது நிமிடம் அளவில் உருண்டை தானாக ஒடுங்கத் தொடங்கியது, வற்றல் மாங்காய் மாதிரி. அது ஒடுங்கினால் அடைப்பு அதற்கு முன்னால், டாங்கிப் பக்கம். இஞ்சின் பக்கம் எதைக் கழற்றினாலும் வீண். மூடியைத் தளர்த்தினேன், உஸ் என்று காற்று உள்ளே போனது. மூடியைத் திருப்பிப் பார்த்தால் தேய்ந்துபோன வாஷருக்குப் பதிலாக யாரோ டயர் டியூபில் வட்டமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அது காற்றுத் துவாரத்தை உள்ளிருந்து மூடிக்கொண்டிருந்தது. மேலே திருகு திறந்திருந்து என்ன பயன்?

டியூபில் ஒரு ஓட்டை போட்டேன். அதோடு நிறுத்தவில்லை. ஓட்டையை டேப்பால் மூடி இன்னொரு தடவை ஓடவிட்டேன், திரும்ப நின்றது. டேப்பை எடுத்தேன், அரை மணி நேரம் ஓடியது. முன்பு பார்த்த இருவரில் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தார். பழுதைப் போக்கியதைவிட, பழுதைத் திரும்ப வரவழைத்துக் காட்டியதுதான் அவர் மனதில் நின்றது. முடிந்த இடத்திலெல்லாம் இதைச் செய்யுங்கள். "அதுதான் என்று எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

5. திறக்குமுன் சொல்லிவிட்டுத் திறவுங்கள்

கழற்றுமுன் கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள், உள்ளே என்ன இருக்கும் என்று. "கியர் ஒயில் பால் நிறம், தண்ணி கலந்திருக்கு. புரொப்பெல்லர் தண்டில் சீலுக்குப் பக்கத்தில் தங்கூசி (நைலோன் நூல்) சுத்தியிருக்கும்." அப்புறம் கழற்றுங்கள்.

திறந்தபின் "நான் அப்பவே நினைச்சேன்" என்று எல்லோருக்கும் சொல்லலாம். முன்னமே எழுதிவிட்டால் ஏமாற்ற வழியில்லை, உங்களையும் சேர்த்துத்தான். முதல் வருடம் என் வரிகளில் பாதிக்கு மேல் பிழை. பிழையானவற்றைத் திரும்பப் படித்தபோதுதான் ஒன்று தெரிந்தது: கறுப்பு பிளக்கைக் கண்டால் ஒவ்வொரு முறையும் காபரேட்டர் மேலேயே பழி போட்டிருக்கிறேன், எண்ணெய்யில் ஒயில் கலந்த அளவைக் கேட்டதே இல்லை. கையேட்டில் 50:1 என்றிருந்தால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். "கூட ஊத்தினா இஞ்சினுக்கு நல்லது" என்று நம்புகிறவர்கள் நம் கரையில் நிறைய.

பக்கத்தில் ஆள் இருந்தால் வாய்விட்டும் சொல்லுங்கள். பிழைத்துப் போனால் கொஞ்சம் வெட்கமாக இருக்கும், பரவாயில்லை.

6. கொப்பியில் எழுத வேண்டியது

திகதி, இஞ்சின் மாடல், எந்தக் கரை, அவர் சொன்னது அவர் வார்த்தையிலேயே, எடுத்த அளவுகள், மாற்றியது, விளைவு. அவ்வளவுதான். அளவை எடுத்த கையோடு எழுதுங்கள், பின்னேரம் எழுதினால் நினைவு உங்களுக்குச் சாதகமாகவே எழுதும்.

நல்ல இஞ்சினின் அளவையும் எழுதுங்கள். இதை யாரும் செய்வதில்லை. சும்மா சர்வீஸுக்கு வந்த, எந்தக் குறையும் இல்லாத இஞ்சினின் கம்பிரசன் என்ன, காயில் எத்தனை ஓம்? அது தெரிந்தால்தான் கெட்டதைக் கெட்டது என்று சொல்ல முடியும்.

7. "தெரியாது" என்பதைச் சரியாகச் சொல்லுங்கள்

வெறும் "தெரியாது" உதவாது. "எண்ணெய்ப் பக்கம் இல்லை, பார்த்துவிட்டேன். ஸ்பார்க் குளிரில் நன்றாக வருகிறது, சூடேறினால் போகிறது. காயிலா சிடிஐயா என்று என்னால் பிரிக்க முடியவில்லை." இது தெரியாதவர் பேச்சு இல்லை. அடுத்து பார்க்கிறவருக்குப் பாதி வேலை முடிந்தது.

கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிற ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சின்கள் வந்தால் நான் தொடுவதில்லை, பார்க்கிறவரிடம் அனுப்பிவிடுகிறேன். இதனால் வேலை போகும் என்று பயப்படாதீர்கள். அவரும் பழைய டூ ஸ்ட்ரோக்குகளை என்னிடம் அனுப்புகிறார்.

8. திரும்பி வந்த வேலையை ஒளிக்காதீர்கள்

ஆரம்பத்தில் நான் கியர் ஒயிலை மேல் துவாரத்தால் ஊற்றினேன். நிரம்பி வழிந்தது, சரி என்று மூடினேன். உள்ளே காற்று அடைபட்டிருந்தது, ஒயில் பாதிதான் போயிருக்கிறது. இரண்டு மாதத்தில் கியர் தின்றுபோய் வந்தது. சாமானுக்கு என் கைக்காசு போனது.

சரியான முறை: கீழ்த் துவாரத்தால் அமுக்கி ஏற்ற வேண்டும், காற்றைத் தள்ளிக்கொண்டு ஒயில் மேலே ஏறி மேல் துவாரத்தால் குமிழி இல்லாமல் வரும் வரை. அப்புறம் முதலில் மேல் திருகைப் பூட்டி, பிறகு கீழ்க் குழாயை எடுத்து உடனே கீழ்த் திருகைப் பூட்ட வேண்டும். மேலே மூடியிருந்தால் காற்று உள்ளே போக வழியில்லை, கீழே ஒயில் கொட்டாது. மாற்றிச் செய்தால் காலில் ஊற்றும்.

இந்தக் கதையை நான் எல்லோருக்கும் சொல்லுவேன். கேட்ட இளம் பெடியன்கள் யாரும் அந்தப் பிழையைச் செய்யவில்லை. அதைவிட, நான் "இது சரி" என்று சொல்லும்போது நம்பவும் தொடங்கினார்கள். தன் பிழையைச் சொல்லாதவர் சொல்கிற சரியை எப்படி எடைபோடுவது?

9. முன்பு கை வைத்தவரைப் பற்றிப் பேசாதீர்கள்

"எவன் தம்பி இதப் பூட்டினது?" சம்மாட்டி முன்னால் இந்த வாசகம் வரவே கூடாது. நம் கரை சின்னது, கின்னியாவில் சொன்னது பின்னேரத்துக்குள் கொட்பேக்கு வந்துவிடும். அந்த ஆளுக்கு நேரமோ காசோ சாமானோ இல்லாமல் இருந்திருக்கலாம். சம்மாட்டியே "இப்போதைக்கு ஓடினாச் சரி" என்று சொல்லியிருப்பார்.

பிழை ஒன்றைக் கண்டால் அவருக்குத் தனியே போன் போடுங்கள். "நானா, நீங்க பார்த்த அந்த இஞ்சின் இங்க வந்திருக்கு, ஹெட் போல்ட் ஒண்டு இளகியிருக்கு, உங்களுக்குச் சொல்லி வைக்கிறன்." அவ்வளவு போதும். மாற்றிய பழைய சாமானைச் சம்மாட்டியிடமே திருப்பிக் கொடுங்கள். அடுத்து பார்க்கிறவர் அதைப் பார்க்கக் கேட்பார்.

10. கேட்டு வருகிறவருக்குப் பதில் சொல்லும் முறை

இந்தப் படிக்கு முன் ஒன்பது இருப்பதற்குக் காரணம்: கேட்காதவருக்குச் சொல்கிற புத்தியில் அளவும் இருக்காது, கொப்பியும் இருக்காது, அபிப்பிராயம்தான் இருக்கும். பிழைத்தால் உங்கள் தலையில், சரிவந்தால் அவர் திறமை.

யாராவது கேட்டால் விடையைச் சொல்லாதீர்கள், சோதனையைச் சொல்லுங்கள். "சிடிஐ போயிட்டு" என்று போனில் சொல்வது சூதாட்டம். "கில் சுவிட்ச் வயரக் கழட்டிப்போட்டு ஸ்பார்க் வருதா பாரு, வந்தா சுவிட்சுதான்" என்றால் அவரே கண்டுபிடிப்பார், காசும் செலவில்லை. கூடவே எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும்: வயரைக் கழற்றினால் இஞ்சினைச் சுவிட்சால் நிறுத்த முடியாது, சோக்கை இழுத்து நிறுத்து, பிளக்கை வெளியே எடுத்துச் சோதிக்கும்போது அதன் இரும்பு இஞ்சின் உடம்பில் தொட்டிருக்கட்டும், இல்லாவிட்டால் சிடிஐக்கு ஆபத்து. பெற்றோல் வாசம் இருந்தால் சோதனையே வேண்டாம்.

கொட்பேயில் சிங்களத்தில் பேசுகிற மெக்கானிக்குகளும் கேட்பார்கள். சாமான்களின் பெயர் இரு பக்கமும் அநேகமாக ஒன்றுதான். சத்தங்களுக்கும் வாசனைகளுக்கும் உள்ள சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள், போனில் தடுமாறுவது அங்கேதான்.

காசு? போனுக்கு நான் வாங்குவதில்லை. கருவிப் பெட்டியோடு போனால் வாங்குவேன். கண்டுபிடித்தது அவர் என்றால் சம்மாட்டியிடம் அவர் பெயரையே சொல்லுவேன்.

11. வழுக்குகிற இடங்கள்

உலர்ந்த கரையில் "ஒரு நிமிஷம்தானே" என்று இஞ்சினை ஓடவிடுவது. தண்ணீர் இல்லாமல் இம்பெல்லர் சில நொடியிலேயே கெடத் தொடங்கும். அதைத் தொழில்காரர் முன்னால் செய்தால் அன்றோடு உங்கள் கதை முடிந்தது.

கம்பிரசன் எடுக்கும்போது ஒரு பிளக்கை மட்டும் கழற்றுவது, திரொட்டிலை மூடியபடி இழுப்பது. அளவு குறைவாகக் காட்டும், நல்ல பிஸ்டனுக்குச் சாவுமணி அடிப்பீர்கள். இரண்டு பிளக்கும் வெளியே, திரொட்டில் முழுக்கத் திறந்து, முள் ஏறாமல் நிற்கும் வரை இழுங்கள்.

புதுச் சாமான் என்றால் நல்ல சாமான் என்று நம்புவது. பெட்டியிலிருந்து எடுத்த கையோடு அளந்துவிட்டுப் பூட்டுங்கள். சந்தையில் போலி நிறைய.

விலை கூடிய கருவிகளைப் படம் பிடித்துப் போடுவது. பெடியன்களுக்குப் பிடிக்கும், வயதானவர்கள் சிரிப்பார்கள்.

அவசரப்பட்டு எல்லாப் படியையும் ஒரே சீசனில் செய்யப் பார்ப்பது இன்னொன்று. எனக்கு முதல் போன் வர மூன்று வாடை ஆனது. அதுவும் விடியற்காலை நாலரைக்கு, கடற்கரையில் காற்றிரைச்சலுக்கு நடுவில், இதுவரை என்னோடு சரியாக முகம் கொடுத்துப் பேசாத ஒருவரிடமிருந்து. அப்படி ஒரு போன் உங்களுக்கு வந்தால் படுக்கையிலிருந்தே பதில் சொல்லாதீர்கள். லைட்டைப் போட்டு, கொப்பியை எடுத்து, திகதியை எழுதி, மூன்றாவது படியிலிருந்து கேட்கத் தொடங்குங்கள்: குளிரிலா, சூட்டிலா, கடைசியாக யார் கை வைத்தது?